திரும்பாத ஜோடிகள்

மார்ச் 3

மச்சானுக்கு,

‘அன்புள்ள’ என்று தொடங்காததைக் கவனித்திருப்பாய். மறதியில்லை.

காகிதத்தில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. மின்னஞ்சல் அனுப்பினால் நீ பதில் எழுதும்போது ஆறு பேருக்குப் பிரதி போடுவாய். தொலைபேசியில் பேசினால் நான் கத்துவேன், நீ சிரிப்பாய், உன் அக்கா போனைப் பிடுங்கி வைத்துவிடுவாள். தபாலில் அந்த வசதிகள் இல்லை.

சனிக்கிழமை என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நீ செய்ததற்கு எழுத்துமூலம் மன்னிப்பு வேண்டும்.

நடந்ததை நீ உனக்குச் சாதகமாக நினைவு வைத்திருப்பாய் என்பதால் நானே எழுதிவைக்கிறேன். என் கட்டுரையை ஆய்விதழ் ஏற்றுக்கொண்டதற்காக அந்த விருந்து. துறைத்தலைவரை அழைத்திருந்தேன். எனக்கு வந்திருக்க வேண்டிய நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர், என்னைவிட ஆறு வயது சின்னவர். ஆனாலும் அழைத்தேன். சூப் குடிக்கும்போது அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். சாதாரண நுண்ணோக்கியால் ஒளியின் அலைநீளத்தில் ஏறக்குறைய பாதிக்குக் கீழே எதையும் பிரித்துப் பார்க்க முடியாது. அதனால் கண்ணாடி இழையைக் கூராக இழுத்து, அலுமினியம் பூசி, நுனியில் மட்டும் அலையைவிடச் சிறிய துளை விட்டு, அந்த ஊசியைப் பொருளின்மேல் ஒட்டினாற்போல் நடத்துகிறோம். துளை வாயில் ஒளி முழுதாகப் பாய்ந்துவிடாமல் ஒரு சொட்டுப்போலத் தொங்கும். அந்தச் சொட்டால் தடவித்தான் பார்க்கிறோம். அப்படித் தடவியதில், பிளாஸ்டிக் படலத்துக்குள் ஒளிரும் மூலக்கூறுகள் தனித்தனியாக இல்லாமல் ஜோடி ஜோடியாக, எல்லா ஜோடியும் ஒரே திசையில் படுத்திருப்பதைக் கண்டேன். ‘தம்பதிகள்’ என்று பெயர் வைத்தேன். இதையெல்லாம் தலைவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். அவர் என் பேச்சை அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அப்போது நீ வாயைத் திறந்தாய்.

“சார், ஒரு நிமிஷம். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் பின்னிக்குங்க. கண்ணை மூடிக்கிட்டு அந்த இடுக்கால மூக்கு நுனியைத் தடவிப் பாருங்க.”

தலைவர் தடவினார். உன் அக்காவும் தடவினாள். “அய்யய்யோ, எனக்கு ரெண்டு மூக்கு!” என்று அவள் கத்தியது பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

“அவ்வளவுதான் சார் விஷயம்,” என்றாய் நீ. “ரெண்டா இருக்கறது விரல். மூக்கு ஒண்ணுதான். அத்தான் இத்தனை நாளா பாத்துக்கிட்டிருக்கறது மூலக்கூறை இல்ல, அவர் ஊசியோட மூஞ்சியை.”

அந்த நுண்ணோக்கி அறை என்னிடமே இருப்பதா, புதிதாக வந்திருக்கும் இளைஞர் குழுவுக்குப் போவதா என்று மே மாதக் கூட்டத்தில் முடிவு செய்யப்போகிறவர் அதே தலைவர்தான். இந்தக் கட்டுரையை வைத்துத்தான் அறையைக் காப்பாற்றிக்கொள்ள இருக்கிறேன். நேற்று மாடிப்படியில் என்னைப் பார்த்ததும் அவர் விரலைப் பின்னிக் காட்டிச் சிரித்தார்.

மன்னிப்பை ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுது.

உன் அக்காவின் கணவன்


மார்ச் 11

அன்புள்ள அத்தானுக்கு,

மூக்கு விளையாட்டுக்கு மன்னிப்பு. சூப் ஆறிப்போனதற்கும் மன்னிப்பு. சொன்ன விஷயத்துக்கு மட்டும் மன்னிப்புக் கேட்க முடியவில்லை. ஏனென்றால் அதைச் சொன்னது நானல்ல, சமன்பாடுகள். நான் பக்கத்தில் இருந்தேன், அவ்வளவுதான்.

துளை வாயில் தொங்கும் அந்தச் சொட்டு உருண்டையாக இருக்கும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். இருக்காது. ஒளி எந்தத் திசையில் அதிர்கிறதோ, அந்தத் திசையில் துளை விளிம்பின் இரண்டு ஓரங்களிலும் போய்க் குவியும். நடுவில் மெலியும். துளைக்கு இரண்டு கண் இருப்பதுபோல. உங்கள் மூலக்கூறோ துளையைவிடப் பல மடங்கு சின்னது. அதன்மேல் துளை நகரும்போது முதலில் ஒரு கண் அதைத் தாண்டும், பிறகு மற்றக் கண் தாண்டும். படத்தில் இரண்டு புள்ளி விழும். ஊசி மூலக்கூறைப் படம் எடுக்கவில்லை அத்தான். மூலக்கூறுதான் ஊசியைப் படம் எடுத்திருக்கிறது.

நம்பாவிட்டால் சோதித்துவிடலாம். லேசருக்கு முன்னால் ஒளியின் அதிர்வுத் திசையைத் திருப்பும் கண்ணாடி வில்லை ஒன்று வைத்திருக்கிறீர்களே, அதைத் திருப்புங்கள். ஜோடிகள் கூடவே திரும்பினால் அவர்கள் தம்பதிகள் இல்லை. ஐந்து நிமிட வேலை.

அந்த ஊசிக்கு நீங்கள் ‘மாப்பிள்ளை’ என்று பெயர் வைத்திருப்பதாகவும், மாப்பிள்ளை வேலை செய்யும்போது அதிர்வு கூடாதென்று கட்டிடத்தின் லிஃப்டையே நிறுத்திவிடுவதாகவும், தலைவர் நாலு மாடி மூச்சு வாங்க ஏறி வருவதாகவும் அக்கா சொன்னாள். எங்கள் வீட்டு மாப்பிள்ளை நீங்கள். உங்களுக்காக நாங்கள் ஒரு மின்விசிறியைக்கூட நிறுத்தியதில்லை. உங்கள் கோபத்தின் வேர் அங்கேதான் இருக்கிறதோ என்று யோசிக்கிறேன்.

ஒரு பக்கம் தாண்டிவிட்டது. அதற்கும் சேர்த்து மன்னிக்கவும்.

உங்கள் மச்சான்


மார்ச் 17

மச்சானுக்கு,

மன்னிப்பு என்று ஆரம்பித்துவிட்டுப் பாடம் நடத்தியிருக்கிறாய்.

ஐந்து நிமிட வேலை என்கிறாயே, நீ ஓர் ஊசியைக் கையில் பிடித்ததுண்டா? உன் துளை காகிதத்தில் இருக்கிறது. பென்சிலால் வட்டம் போட்டால் துளை வந்துவிடும். எனக்கு அப்படியில்லை. லேசரால் இழையைச் சூடாக்கி இழுக்க வேண்டும். வெற்றிடத்துக்குள் அதைச் சுழற்றிக்கொண்டே பக்கவாட்டில் அலுமினியம் பூச வேண்டும், நுனி மட்டும் நிழலில் தங்கும்படி. பெரும்பாலானவை அதிலேயே வீணாகும். தப்பியவை பொருளை நெருங்கும்போது முட்டிச் சாகும். மற்ற ஆய்வுக்கூடங்களில் வாரத்துக்கு ஓர் ஊசி மாற்றுகிறார்கள். என் மாப்பிள்ளை ஏறத்தாழ ஒரு வருஷமாக உழைக்கிறார். கட்டுரையில் உள்ள எல்லாப் படமும் அவர் எடுத்ததுதான். அவரைப் பற்றி நீ மூஞ்சி, கண் என்றெல்லாம் பேசுகிறாய்.

தம்பதிகள் ஏன் ஒரே திசையில் படுத்திருக்கிறார்கள் என்பதற்கு உன் சமன்பாடு தேவையில்லை. படலத்தை நான் எப்போதும் ஒரு கண்ணாடித் தகட்டின்மேல் ஒரே திசையில் இழுத்துப் பரப்புகிறேன். தகட்டின் ஒரு மூலையை வெட்டி அடையாளம் வைக்கிறேன். அந்த மூலை எப்போதும் இடது கீழ்ப்பக்கம் வரும்படிதான் கருவியில் பொருத்துகிறேன். ஒரு நாளும் மாற்றியதில்லை. படலம் இழுபட்ட திசையில் மூலக்கூறுகளும் இழுபட்டுப் படுக்கின்றன. ஒழுங்காக வேலை செய்கிறவனுக்கு ஒழுங்கான படம் கிடைக்கிறது. உன் மேசையின் நிலையைப் பார்த்தவன் என்ற முறையில் இது உனக்குப் புரியாது என்று அறிவேன்.

வில்லையைத் திருப்பமாட்டேன். வேறு யார் கேட்டிருந்தாலும் திருப்பியிருப்பேன். தலைவர் கேட்டிருந்தால்கூட.

இன்னொன்று. உன் முனைவர் பட்ட ஆய்வேட்டின் நன்றியுரையில் உன் நாயின் பெயர் இருக்கிறது. என் பெயர் இல்லை. அந்த ஆய்வேட்டை எழுத்துப்பிழை திருத்தியவன் நான். நாய் அல்ல.

உன் அக்காவின் கணவன்


மார்ச் 25

அன்புள்ள அத்தானுக்கு,

நாய் விஷயம் இருபது வருஷமாக உங்கள் நெஞ்சில் இருப்பது தெரியாது. அது இறந்தும் பதினைந்து வருஷம் ஆகிறது. உங்களுக்கும் அதற்கும் இடையில் நான் என்ன சொல்ல?

இதை எழுத வேண்டியிருப்பதில் எனக்குச் சந்தோஷமில்லை. உங்கள் கட்டுரை வெளிவந்தால் அதைப் பார்த்து நாலு பேர் தம்பதிகளைத் தேடிப் புறப்படுவார்கள். என் கணக்கின்படி அவர்கள் தேடப்போவது துளையின் இரண்டு ஓரங்களை. ஆகவே ஆய்விதழுக்கு இரண்டு பக்கக் குறிப்பு ஒன்று எழுதிவைத்திருக்கிறேன். இன்னும் அனுப்பவில்லை. ஏப்ரல் பத்துவரை காத்திருக்கிறேன். நீங்கள் வில்லையைத் திருப்பி, ஜோடிகள் திரும்பவில்லை என்று ஒரு வரி எழுதினால் குறிப்பைக் கிழித்துவிடுகிறேன்.

அக்காவிடம் இதைச் சொன்னேன். “நீ அனுப்பினா, இனிமே உன்னைத் தம்பின்னு கூப்பிட மாட்டேன். ‘மதிப்பிற்குரிய ஆய்வாளரே’ன்னுதான் கூப்பிடுவேன்” என்றாள். நேற்று அப்படித்தான் கூப்பிட்டாள்.

உங்கள் மச்சான்


ஏப்ரல் 2

மச்சானே!

திருப்பினேன்.

உனக்காக அல்ல. உன் மிரட்டலுக்குப் பயந்தும் அல்ல. வில்லையில் தூசி படிந்திருந்தது, துடைக்க எடுத்தேன், திரும்ப வைக்கும்போது கொஞ்சம் திருப்பி வைத்தேன் என்று வைத்துக்கொள். இழை வளைந்து வருவதால் உள்ளே அதிர்வுத் திசை கலங்கும் என்று நீ சாக்குச் சொல்லக்கூடாதே, அதனால் ஊசியின் நுனியிலிருந்து வெளிவரும் ஒளியையே சோதித்து, திசை கால்வட்டம் திரும்பிவிட்டதை உறுதி செய்துகொண்ட பிறகுதான் படம் எடுத்தேன். லிஃப்டை நிறுத்தினேன். தலைவர் படியில் வந்தார்.

ஜோடிகள் திரும்பவில்லை.

இன்னொரு முறை எழுதுகிறேன், நிதானமாக வாசி. ஜோடிகள் திரும்பவில்லை. சில புள்ளிகள் கொஞ்சம் மங்கின, சில பிரகாசமாயின. இடம் மாறவில்லை, திசை மாறவில்லை. இடமிருந்து வலமாக அப்படியே படுத்திருந்தார்கள். உன் கண்ணும் விளிம்பும் ஓரமும் எங்கே போயின என்று தெரியவில்லை. காகிதத்திலேயே தங்கிவிட்டன போலும்.

வழக்கமாக யாரிடமும் எதையும் கேட்காத நான் ஒன்றே ஒன்று கேட்கிறேன். உன் கணக்குத் தவறு என்று ஒரு மின்னஞ்சல் எழுது. தலைவருக்கு அனுப்பு. வழக்கம்போல் ஆறு பேருக்குப் பிரதி போடு. இந்த முறை அதில் எனக்கு ஆட்சேபமில்லை.

உன் அக்கா மகிழ்ச்சியாக இருக்கிறாள். நான் வீட்டுக்குள் பாடிக்கொண்டு நடப்பதாகச் சொல்லி நிறுத்தச் சொன்னாள்.

உன் அத்தான்


ஏப்ரல் 9

அன்புள்ள அத்தானுக்கு,

மின்னஞ்சல் போய்விட்டது. ஆறு பேர் கேட்டீர்கள், ஒன்பது பேருக்கு அனுப்பினேன். உங்கள் தலைவர், “அப்போ மூக்கு ஒன்றா இரண்டா?” என்று ஒரே வரியில் பதில் போட்டிருக்கிறார்.

குறிப்பைக் கிழித்துவிட்டேன். கணக்கை முதலிலிருந்து மூன்று முறை போட்டுப் பார்த்தேன். தவறில்லை. ஒரு வட்டமான துளைக்கு அது சரி. ஆனால் உங்கள் ஜோடிகள் திரும்பவில்லை என்றால் என் கணக்கு உங்கள் ஊசிக்குப் பொருந்தவில்லை என்று அர்த்தம். பொருந்தாத கணக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருக்க முடியாது.

வாழ்த்துகள் அத்தான். இதை எழுதும்போது பேனாவை இறுக்கிப் பிடித்தேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் வாழ்த்துகள்.

அக்கா மறுபடி தம்பி என்று கூப்பிடுகிறாள். அது போதும்.

உங்கள் மச்சான்


ஏப்ரல் 20

அன்புள்ள மச்சானுக்கு,

நலமா? உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறும்போது பார்த்து ஏறு. உன் மனைவியைக் கேட்டதாகச் சொல். அவள் புதிதாக ஒட்டிய சுவர்க்காகிதம் உரிந்துவருவதாக உன் அக்கா சொன்னாள். பசை காயும்வரை ஜன்னலைத் திறக்கக்கூடாது.

இங்கே எல்லாரும் நலம். ஆய்விதழ் என் படத்தை அட்டையில் போடப்போகிறது. பதிப்பாசிரியர் எழுதியிருந்தார்: படம் அருமை, ஆனால் தம்பதிகள் படுத்திருக்கிறார்கள், அட்டை நெடுக்குவாக்கில் இருப்பதால் அவர்கள் நின்றுகொண்டிருப்பதுபோல் ஒரு படம் கிடைக்குமா என்று. கணினியில் படத்தைத் திருப்பிவிடலாம். ஆனால் அப்படிச் செய்தால் ஊசி இடவலமாக நடந்த வரிகள் படத்தில் செங்குத்தாக நிற்கும். தொழில் தெரிந்தவன் பார்த்தால் சிரிப்பான். நான் அந்த மாதிரி வேலை செய்வதில்லை என்பது உனக்குத் தெரியும். அதனால் தகட்டையே

அது கிடக்கட்டும். வேறு ஒன்று கேட்க நினைத்தேன். ஒரு பேச்சுக்குத்தான். நீ சொன்ன அந்த வட்டத் துளை, வட்டமாக இல்லாமல் வேறு மாதிரி இருந்தால், அதாவது பொதுவாக, ஏதோ ஓர் ஆய்வுக்கூடத்தில், யாரோ ஒருவருடைய ஊசியில், துளை வேறு மாதிரி அமைந்திருந்தால் ஒளிப்புலம் எப்படி இருக்கும் என்று கணக்குப் போட முடியுமா? அவசரமில்லை. நேரம் இருந்தால். இந்த வாரம்.

வெயில் அதிகம். தண்ணீர் நிறையக் குடி.

அன்புடன்,
அத்தான்


ஏப்ரல் 24

அத்தான்,

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் நீங்கள் என் முழங்காலை விசாரித்ததில்லை. கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு உங்களுக்கு உடம்பு சரியில்லையோ என்று அக்காவுக்குப் போன் செய்யப் போனேன். அப்புறம் அந்த அறுந்துபோன வரியை மறுபடி பார்த்தேன்.

தகட்டைத் திருப்பினீர்களா?

ஜோடிகள் திரும்பவில்லையா?

ஆம், இல்லை. இரண்டில் ஒன்றை எழுதி அனுப்புங்கள். அஞ்சல் தலைக்கு நான் பொறுப்பு.

மச்சான்


ஏப்ரல் 29

மச்சானுக்கு,

ஆம்.

உனக்கு அஞ்சலட்டையே போதும் என்று தோன்றலாம். எனக்குப் போதாது.

தகட்டைக் கால்வட்டம் திருப்பிப் பொருத்தினேன். வெட்டிய மூலை முதல்முறையாக வலது பக்கம் வந்தது. தம்பதிகள் நிமிர்ந்து நிற்பார்கள் என்று காத்திருந்தேன். ஒவ்வொரு ஜோடியும் படலத்தில் இருந்த இடம் திரும்பியிருந்தது. மேலே இருந்தவை பக்கத்துக்கு வந்திருந்தன, பக்கத்தில் இருந்தவை கீழே போயிருந்தன. ஆனால் ஒவ்வொரு ஜோடியும் முன்போலவே இடமிருந்து வலமாகப் படுத்திருந்தது. ஒரு கட்டிலைத் திருப்பிப் போட்டால் அதில் படுத்திருப்பவரும் திரும்பத்தானே வேண்டும்? திரும்பவில்லையென்றால் அவர் கட்டிலில் இல்லை. ஊசியில் இருக்கிறார்.

தவறாகப் பொருத்திவிட்டேனோ என்று கழற்றி மறுபடி பொருத்தினேன். வேறு தகடு வைத்தேன். அதே கதை. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, அந்த மூலையை ஒரே பக்கம் வைத்து ஒரு வருஷம் பெருமைப்பட்டதை நினைத்துக்கொண்டேன். ஒரே ஒரு நாள் நான் சோம்பேறியாக, கண்டபடி பொருத்தியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். உன் மேசையை வைத்திருக்கும் லட்சணத்தில் நீ இந்த வேலையைச் செய்திருந்தால் முதல் வாரத்தில் கண்டுபிடித்திருப்பாய். இதை எழுதும்போது எனக்கு எப்படி இருக்கிறது என்று உன்னால் கணக்குப் போட முடியாது.

இதற்குமேல் நான் சொல்லப்போவதை வேறு யாரிடமும் சொல்லாதே. நான் சும்மா இருந்திருக்கலாம். யாருக்கும் தெரியாது. மதிப்பீட்டாளர்கள் ஒப்புக்கொண்டாகிவிட்டது. நீயே தோற்றுப்போனதாக ஒன்பது பேருக்கு எழுதிவிட்டாய். தலைவர் அட்டைப்படத்தைச் சட்டம் போட்டு வாசலில் மாட்டுவதாகச் சொல்லியிருந்தார். நான் செய்யவேண்டியதெல்லாம் பழைய படத்தைக் கணினியில் ஒரு பொத்தான் தட்டித் திருப்பி அனுப்புவதுதான். அறை என்னுடையது. தட்டிக்கூடப் பார்த்தேன். தம்பதிகள் அழகாக எழுந்து நின்றார்கள்.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த உன் அக்கா திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்.

“அட்டைப்படம் அனுப்பிட்டீங்களா?”

“இல்ல.”

“ஏன், நல்லா வரலையா?”

“நல்லாத்தான் வந்திருக்கு. தகட்டைத் திருப்பினேன். ஜோடிங்க திரும்பல.”

குழாயை மூடினாள். “அப்போ தம்பி சொன்னது…”

“உன் தம்பி சொன்னதும் தப்புதான்!” என்றேன்.

“சரி, அவன் தப்பு. நீங்க?”

அவள் சிரிக்கவில்லை. மூக்கையும் தொடவில்லை. அதற்காக அவளுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

நீ இதைப் படிப்பதற்கு முன்பே கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக ஆய்விதழுக்கு எழுதிவிட்டேன். தலைவருக்கும் எழுதிவிட்டேன். நீ கண்டுபிடித்ததால் நான் ஒப்புக்கொண்டேன் என்று நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது. முந்தா நாள் அனுப்பிய கடிதங்கள் அவை. வேண்டுமானால் அஞ்சல் முத்திரையைப் பார்த்துக்கொள்.

மாப்பிள்ளைக்கு நுனியில் என்ன ஆகியிருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். எங்கள் எலக்ட்ரான் நுண்ணோக்கி பழுது. உங்களுடையது வேலை செய்கிறது என்று கேள்வி. ஒரு மணி நேரம் கிடைக்குமா?

உன் அக்காவின் கணவன்


மே 4

அன்புள்ள அத்தானுக்கு,

புதன்கிழமை காலை முழுவதும் நுண்ணோக்கி நமக்குத்தான். ரயிலில் வாருங்கள். பேருந்தில் வந்தால் மாப்பிள்ளை உடைந்துவிடுவார். ரயில் நிலையத்துக்கு நான் வருகிறேன்.

எலக்ட்ரான் கற்றை பட்டால் நுனி கெட்டுப்போகும், அப்புறம் அது ஊசியாக உதவாது என்று எங்கள் ஆள் சொல்லச் சொன்னார். உங்களுக்குத் தெரியாததில்லை. ஆனாலும் எழுதிவிட்டேன்.

உங்கள் கடிதத்தை என் மனைவி வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு, “இவ்வளவு நாள் இவரைச் சிடுமூஞ்சின்னு நெனச்சேனே” என்றாள். சிடுமூஞ்சியேதான், அதில் மாற்றமில்லை என்று அவளுக்குத் தெளிவுபடுத்தினேன்.

மெத்தை மாடி அறையில் போட்டிருக்கிறது. சுவர்க்காகிதம் விழுந்துவிட்டது.

உங்கள் மச்சான்


மே 18

மச்சானுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். போகும்போது மடியில் ஒரு பெட்டி இருந்தது. திரும்பும்போது இல்லை. பெட்டிக்குள் என்ன என்று போகும்போது கேட்ட எதிர் இருக்கைக்காரருக்கு, “எங்க மாப்பிள்ளை” என்று பதில் சொல்லியிருந்தேன். வரும்போதும் அவரே ஏறினார். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். துளைக்குக் குறுக்கே ஓர் அலுமினியக் குருணை, இந்தப் பக்கம் ஒரு வாய், அந்தப் பக்கம் ஒரு வாய். பூசும்போதே விழுந்திருக்க வேண்டும். என்னோடு ஒரு வருஷம் இருந்தவர், முதல் நாளிலிருந்தே இரண்டு வாயால் பேசியிருக்கிறார்.

அறையை யாருக்கென்று முடிவு செய்யும் கூட்டம் நேற்று முடிந்தது. நீ கேட்கமாட்டாய், நானே சொல்கிறேன். தலைவர் என்னைத் தனியாக அழைத்து, “ஏன் சார், யாருமே கேக்கலையே, நீங்களா எதுக்கு வாபஸ் வாங்கினீங்க?” என்றார். “ஜோடிங்க திரும்பல சார்” என்றேன். அவருக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ளும் ஆளுக்கு அந்த நாற்காலியைக் கொடுத்திருக்கமாட்டார்கள். அறையில் பாதி இளைஞர் குழுவுக்கு. தரையில் மஞ்சள் நாடா ஒட்டிப் பிரித்திருக்கிறார்கள். நுண்ணோக்கி என் பாதியில், லேசர் அவர்கள் பாதியில். இதையும் ஒரு குழு யோசித்துத்தான் செய்திருக்கிறது. லிஃப்டை நிறுத்தக்கூடாது என்று தனித் தீர்மானம்.

அதெல்லாம் தாங்கிக்கொள்வேன். தாங்க முடியாதது வேறு. உன் வீட்டில் இரண்டு நாள் இருந்தேன். நீ ஒரு முறைகூட “நான்தான் அப்பவே சொன்னேனே” என்று சொல்லவில்லை. எலக்ட்ரான் படம் திரையில் வந்தபோது சொல்வாய் என்று தோளை இறுக்கிக்கொண்டேன். சொல்லவில்லை. சாப்பிடும்போது சொல்வாய் என்று பார்த்தேன். குழம்புக் கிண்ணத்தை நகர்த்தி வைத்தாய். ரயில் ஏற்றும்போது, இதோ ஜன்னலில் குனிந்து சொல்லப்போகிறாய் என்று நினைத்தேன். “தண்ணி வாங்கிட்டு வரட்டுமா அத்தான்?” என்றாய்.

இந்தப் பெருந்தன்மையை என்னால் பொறுக்க முடியவில்லை. பதிலுக்குச் சொல்ல நல்ல வார்த்தைகளாக நிறையத் தயாரித்து வைத்திருந்தேன். எல்லாம் வீணாகக் கிடக்கின்றன. உன் அக்காவிடம் இரண்டைச் சொல்லிப் பார்த்தேன், அவளுக்குச் சம்பந்தமில்லாததால் எடுபடவில்லை.

தயவுசெய்து சொல்லிவிடு. தபாலில் சொன்னாலும் சரி.

உன் அத்தான்


மே 25

அன்புள்ள அத்தானுக்கு,

சொல்ல எனக்கு எவ்வளவு ஆசை என்று உங்களுக்குத் தெரியாது. திரையில் குருணை தெரிந்த அந்த நிமிஷம் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள். அப்பவே நான் சொன்னது என்ன? வட்டத் துளை, விளிம்பில் குவியும் ஒளி, வில்லையைத் திருப்பினால் ஜோடி திரும்பும். இதில் எது நடந்தது? ஜோடி பொய் என்பது மட்டும் சரி. அது ஏன் பொய் என்று நான் சொன்னது முழுக்கத் தப்பு. பேருந்து தப்பு, ஊர் சரி என்று ஒருவன் போய்ச் சேர்ந்தால் அவன் வழி தெரிந்தவன் ஆகமாட்டான். ஒன்பது பேருக்கு நான் தப்பு என்று எழுதியது, அத்தான், தற்செயலாக உண்மைதான். அந்த மின்னஞ்சலை நான் வாபஸ் வாங்கப்போவதில்லை.

ஆகவே உங்கள் வேண்டுகோளை நிறைவேற்ற முடியாத நிலையில் இருக்கிறேன்.

அதற்குப் பதிலாக ஒன்று தருகிறேன். அந்தக் குருணைப் படத்தை வைத்து, இரண்டு வாய்க்கும் நடுவில் ஒளிப்புலம் எப்படி இருக்கும் என்று இரண்டு வாரமாகக் கணக்குப் போட்டேன். மாப்பிள்ளையின் குருணை மொட்டையாக, அகலமாக இருந்ததால் ஒளி இரண்டாகப் பிரிந்துபோயிற்று. அதையே இருபுறமிருந்தும் இரண்டு கூரான மூக்குகள் துளைக்குள் நீண்டு, நடுவில் ஒரு மயிரிழைச் சந்து மட்டும் விட்டு நிற்கும்படி செய்தால், ஒளி முழுக்க அந்தச் சந்தில் வந்து நெரியும். ஒரே சொட்டு, நீங்கள் இதுவரை பார்த்த எந்தச் சொட்டையும்விடச் சின்னது. அதைக் கொண்டு ஒரு மூலக்கூறை உண்மையிலேயே ஒன்றாகப் பார்க்கலாம். பாதி அறை போதும்.

கணக்கை இணைத்திருக்கிறேன். கணக்கு சரி. ஆனால் அப்படி ஓர் ஊசியைக் கையால் செய்ய ஆள் வேண்டும். சந்து கொஞ்சம் அகன்றால் பயனில்லை, கொஞ்சம் ஒட்டினால் துளையே இல்லை. மிகப் பொறுமையான, மிக நிதானமான, கோபமே வராத ஒருவர் வேண்டும். எனக்குத் தெரிந்தவரை யாரும் இல்லை. உங்களை ஒரு கணம் யோசித்தேன், உடனே விட்டுவிட்டேன்.

உங்கள் கைக்கு அது வராது அத்தான். இப்பவே சொல்லிவைக்கிறேன். வரவே வராது.

உங்கள் மச்சான்